காம்பினேஷன் லீகில் வென்றது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் முதல் கால்பந்து லீக் பற்றிய உங்கள் கட்டுரையில், 1888-89 பருவத்தில் பிரஸ்டன் நார்த் எண்ட் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் வென்றதை விரிவாக எழுதியிருந்தீர்கள். அதே ஆண்டில் ‘காம்பினேஷன்’ என்று இன்னொரு லீகும் நடந்ததாக ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அதில் யார் வென்றார்கள்? தேடிப் பார்த்தேன், ஒழுங்கான புள்ளிப்பட்டியல் கிடைக்கவில்லை. பாதியில் நின்றுபோன ஒரு லீகைப் பற்றித் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா?

செ.

அன்புள்ள செ.,

யாரும் வெல்லவில்லை. 1889 ஏப்ரலில், பல ஆட்டங்கள் பாக்கியிருக்கும்போதே காம்பினேஷனைக் கலைத்துவிட்டார்கள்.

ஆனால் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. லீக் என்றால் என்ன என்பதை பிரஸ்டனின் வெற்றியைவிட இந்தத் தோல்வி தெளிவாகக் காட்டுகிறது என்றே நினைக்கிறேன்.

1885இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது சட்டபூர்வமாயிற்று. சம்பளம் வாரா வாரம் போயாக வேண்டும். அதற்கான பணம் பெரும்பாலும் நுழைவுக் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். வட இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் சனிக்கிழமை அரைநாள் வேலை. மதியம் சங்கு ஊதியதும் கூட்டம் மைதானத்துக்கு வந்துவிடும். வந்து பார்த்தால் எதிரணி வந்திருக்காது. சமனில் முடிந்த கோப்பை ஆட்டம் ஒன்று மறுபடி நடக்கிறது, அங்கே போய்விட்டோம் என்பார்கள். நட்பு ஆட்டத்துக்கு ஒப்புக்கொண்ட தேதியை இப்படிக் கைவிட்டால் கேட்க ஆள் கிடையாது. ஆஸ்டன் வில்லாவின் நிர்வாகக் குழுவில் இருந்த வில்லியம் மெக்ரிகோர் 1888 மார்ச்சில் மற்ற கிளப்புகளுக்குக் கடிதம் எழுதியது இதைச் சரிசெய்யத்தான்.

பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்து லீகைத் தொடங்கின. ஒவ்வொன்றும் மற்ற பதினொன்றோடும் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என 22 ஆட்டங்கள் ஆட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. செப்டம்பர் 8 அன்று முதல் ஆட்டங்கள் தொடங்கியபோது புள்ளிகளை எப்படிக் கணக்கிடுவது என்பதே முடிவாகவில்லை! வெற்றிக்கு இரண்டு, சமனுக்கு ஒன்று என்பது நவம்பரில்தான் தீர்மானமானது. எப்படி வெல்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், யார் யாரோடு ஆடுவது என்பது மட்டும் முதலிலேயே தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். அக்டோபரில் ஸ்டோக் அணி இரண்டு ஆள் குறைவாக பிரஸ்டனுக்கு வந்து சேர்ந்தது. பிரஸ்டன் தன் ஆட்களில் இருவரைக் கடன் கொடுத்து ஆட்டத்தை நடத்தியது. 7-0 என்று ஸ்டோக் தோற்றது, சரி. ஆனால் ஆட்டம் நடந்தது.

இடம் கிடைக்காத கிளப்புகள் சும்மா இருக்க முடியுமா? அவற்றில் இருபது கிளப்புகள் சேர்ந்து அதே பருவத்தில் ஆரம்பித்ததுதான் காம்பினேஷன். ஆட்டத்திறனில் இவர்களைக் குறைத்து மதிப்பிட முடியாது. ரயில்வே ஊழியர்கள் தொடங்கிய நியூட்டன் ஹீத் இதில் இருந்தது. பின்னாளின் மான்செஸ்டர் யுனைடெட் அதுதான். பின்னாளில் பர்மிங்ஹாம் சிட்டியான ஸ்மால் ஹீத் இருந்தது. குரூ அலெக்சாண்ட்ரா அதே 1888இல் எஃப்.ஏ. கோப்பையின் (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் போட்டி) அரையிறுதி வரை போன அணி.

பிளாக்பர்ன் ஒலிம்பிக்கும் இருந்தது. அந்தப் பெயரைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. 1883இல் கோப்பை இறுதியாட்டத்தில், பிரபுக்களின் பள்ளியில் படித்தவர்களான ஓல்ட் ஈட்டோனியன்ஸை 2-1 என்று கூடுதல் நேரத்தில் சாய்த்த அணி அது. நெசவாளர்களும் ஆலைத் தொழிலாளிகளும் ஆடிய அணி. வெற்றிக் கோலை அடித்த ஜிம்மி காஸ்ட்லி நூற்பாலைத் தொழிலாளி. ஐந்தே ஆண்டுகளில் அதே ஊரின் ரோவர்ஸ் லீகில் இருந்தது, ஒலிம்பிக் வெளியே நின்றது. சம்பளம் கொடுக்கக் கையில் காசில்லை. 1889இல் கிளப்பையே மூடிவிட்டார்கள். நிச்சயமான வருமானம் வேறு யாரையும்விட அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது.

அந்த நிச்சயத்தைத்தான் காம்பினேஷனால் தர முடியவில்லை. இருபது பேரும் எல்லோரோடும் ஆட வேண்டியதில்லை, சிலரோடு ஆடினால் போதும். அதையும் கிளப்புகள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம். எது நடந்தது, எது பாக்கி என்று கணக்கு வைக்க மேலே ஓர் அமைப்பு இல்லை. பழைய நட்பு ஆட்டங்களின் நோய் அப்படியே புது லீகுக்குள்ளும் புகுந்துகொண்டது.

அப்புறம் அவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். காம்பினேஷனில் இருந்தவர்களில் சிலரும் வேறு சிலரும் சேர்ந்து 1889இல் ‘ஃபுட்பால் அலையன்ஸ்’ தொடங்கினார்கள். பன்னிரண்டு கிளப்புகள், எல்லோரும் எல்லோரோடும், 22 ஆட்டங்கள். முதல் பருவத்தை ஷெஃபீல்ட் வென்ஸ்டே வென்றது. 1892இல் அலையன்ஸ், மெக்ரிகோரின் லீகோடு இணைந்தபோதுதான் அந்த லீகின் இரண்டாம் டிவிஷன் பிறந்தது.

நடந்த ஆட்டங்களை மட்டும் கூட்டிப் பார்த்து, காம்பினேஷனில் நியூட்டன் ஹீத்தான் முதலிடம் என்று சிலர் சொல்வதுண்டு. நீங்கள் அதை ஏற்க வேண்டாம். ஆளுக்கொரு எதிரணி, ஆளுக்கொரு எண்ணிக்கையில் ஆட்டம் என்று இருக்கும்போது அந்தக் கூட்டலுக்கு அர்த்தமில்லை.