பயணத்தில் எதிர்பாராமல் பார்த்து, இன்னும் மனதை விட்டுப் போகாத சடங்கு எது?

வடக்குத் தாய்லாந்தில், லம்பூன் பக்கம் ஒரு கிராமத்தில் பார்த்த பிக்குவின் தகனம்தான்.

சியாங் மாயில் நான் தங்கியிருந்த விடுதிக்கார அம்மா, "நாளைக்கு எங்க ஊரில் பொய் லோ, வர்றீங்களா?" என்று கேட்டார். வாணவேடிக்கை, ஆட்டம், இலவசச் சாப்பாடு என்றெல்லாம் சொன்னதால் ஏதோ கோயில் திருவிழா என்று நினைத்துக் கேமராவோடு கிளம்பிவிட்டேன். போன பிறகுதான் சாவு என்று தெரிந்தது; பொய் லோ என்றால் மூத்த பிக்குவின் தகன விழாவாம். நம்மூர்க் கல்யாணச் சாவெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை.

அந்தப் பிக்கு இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது! மூத்த பிக்குகளின் உடலைப் பெட்டியில் வைத்து விகாரையிலேயே காப்பார்களாம். பணம் சேர வேண்டும், மழை ஓய வேண்டும், அறுப்பு முடிந்து வயல் காலியாக வேண்டும். லுவாங் போ கூன் என்ற இன்னொரு புகழ்பெற்ற பிக்கு 2015 மே மாதம் இறந்தார். உடலை கோன் கேன் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களுக்குத் தானமாக எழுதி வைத்திருந்ததால் தகனம் நடந்தது 2019 ஜனவரியில்தான். "யாருமே அழலையே?" என்று விடுதி அம்மாவிடம் கேட்டேன். "அழ வேண்டியதையெல்லாம் போன வருஷமே அழுதாச்சு" என்றார்.

வயல் நடுவே ஒரு வண்டிமேல் நின்றது ஹஸதிலிங். யானைத் தலை கொண்ட ராட்சசப் பறவை உருவம். (ஹஸ்தி என்றால் யானை என்று தெரிந்த நமக்குப் பெயர் உடனே பிடிபட்டுவிடும்.) அதன் முதுகில் மூங்கிலும் காகிதமுமாய் அடுக்கடுக்கான மண்டபம், அதற்குள் பெட்டி. காதும் தும்பிக்கையும் அசைந்தன; உள்ளே யாரோ கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியின் முன்னால் இரண்டு நீண்ட வடங்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் கையில் ஒரு பாட்டி வடத்தைத் திணித்துவிட்டார். இழுத்தால் புண்ணியம். தேர்வடம் பிடித்த கைதானே, பழக்கம் விடவில்லை. கேமரா கழுத்தில் சும்மா தொங்கியது.

ஆளுக்கொரு சந்தனச் சீவல் பூ வைத்தோம். பிக்குகள் பாலி மொழியில் "அனிச்சா வத சங்காரா" என்று ஓதினார்கள். உண்டானதெல்லாம் நிலையற்றது என்று பொருள். அந்த அமைதி ஐந்து நிமிஷம்கூட நீடிக்கவில்லை. கம்பி வழியே ஒரு ராக்கெட் வீலென்று கத்திக்கொண்டு பாய்ந்து மண்டபத்தில் மோத, சரசரவென்று வெடிகள், பிறகு தீ.

நம் பக்கம் துறவியை எரிப்பதில்லை. உட்கார்ந்த நிலையில் சமாதி வைப்போம். அதனால் எனக்கு முதலில் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் புத்தரையே குசிநாராவில் தகனம்தானே செய்தார்கள்.

தீ ஏறியதும் கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. நான்கு கம்பங்களில் உயரக் கட்டியிருந்த காவித் துணியைத்தான். அது பற்றி ஓட்டை விழுந்த நொடியில் வயல் முழுக்கக் கைகள் கூப்பின. விடுதி அம்மா மட்டும் சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன வருஷமே அழுது முடித்துவிட்டதாகச் சொன்னவர்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவரே ஒட்டரிசிப் பொட்டலம் ஒன்றை நீட்டி, "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றார்.