விவிஎஸ் என்று சீட்டில் இருந்தால் போதுமா?

கேள்வி: அக்கா, என் மகனுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். ஆய்வகத்தில் வளர்த்த வைரமே போதும் என்கிறாள் வரப்போகிற மருமகள். கடைக்காரர் பேனா மாதிரி ஒரு டெஸ்டரைக் கல்லில் வைத்தார்; வைரம் என்று காட்டியது. கல்லின் தரச் சீட்டில் 'ஒரு கேரட், ஈ கலர், விவிஎஸ்2' என்று இருக்கிறது. 'வைரத்துக்குப் பேர்போன கிம்பர்லி இருக்கிற நாட்டில் பிறந்துவிட்டு மெஷின் கல்லையா போடுவது?' என்று என் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இது நிஜ வைரமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: நிஜ வைரம்தான், தங்கச்சி. பூமிக்கடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே விளைந்ததும் கார்பன், இதுவும் கார்பன். கடினமும் ஜொலிப்பும் ஒன்றே. கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைரம் செய்ததாக அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் 1955-லேயே அறிவித்துவிட்டது. இப்போது இன்னொரு முறையும் உண்டு: மெல்லிய வைர வில்லையை விதையாக வைத்து, மீத்தேன் வாயுவிலிருந்து கார்பனைப் படியவிட்டுச் சில வாரங்களில் வளர்த்துவிடுகிறார்கள்.

அந்த டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். கல்லில் வெப்பம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. மண்ணிலிருந்து வந்ததா, மெஷினிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. வைரம்போலவே தெரியும் மொய்சனைட் என்ற வேறு கல்லைக்கூடச் சில டெஸ்டர்கள் வைரம் என்று காட்டிவிடும். மண் கல்லா மெஷின் கல்லா என்று பிரித்துச் சொல்ல ஆய்வுக்கூடத்தின் கருவிகள் வேண்டும்.

சரி, விவிஎஸ்2. அது கல்லின் சுத்தத்துக்கான தரம். நம் முன்னோர் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்துக்கு நான்கு குற்றம் பார்த்தார்கள். இன்று பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்து, 11 படிகளில் தரம் பிரிக்கிறார்கள். விவிஎஸ்2 என்றால், பழகிய கண்ணுக்கே லென்ஸில் சிரமப்பட்டுத்தான் உள்குறை தெரியும். நிறத்துக்கு டி முதல் இஸட் வரை. டி துளியும் நிறமில்லாதது, ஈ அதற்கு அடுத்தது. சுரங்கக் கல்லில் இந்த இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம், அதற்குத்தான் அந்த விலை. ஆய்வகக் கல்லில் அது சர்வசாதாரணம். பெரும்பாலானவை மேல் படிகளிலேயே குவிந்துவிடுவதால், ஜிஐஏ எனப்படும் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம் 2025 அக்டோபரிலிருந்து இவற்றுக்கு அந்த எழுத்துகளைத் தருவதில்லை. தகுதியானவற்றுக்கு 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்ட்' என்று இரண்டே தரம்தான். வேறு கூடங்கள் இன்னும் எழுத்துகளைத் தருகின்றன. ஆகவே விவிஎஸ் என்பதற்காகக் கடைக்காரர் கூடுதல் ரேண்ட் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பட்டையைப் பாருங்கள். கிரே ஸ்ட்ரீட் பட்டறையில் கல் பதித்த காலம் முழுக்க நான் வாடிக்கையாளர்களிடம் மன்றாடியது இதற்காகத்தான். பட்டை சரியில்லாத கல்லில் விழுந்த ஒளி அடியிலும் பக்கத்திலும் கசிந்துவிடும். எவ்வளவு சுத்தமான கல்லாக இருந்தாலும் கண்ணாடித் துண்டுபோல் செத்துக் கிடக்கும். ஒரு கேரட் என்பது 0.2 கிராம் எடை, அளவல்ல. நன்றாகப் பட்டை தீட்டிய ஒரு கேரட் வட்டக்கல் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். உங்கள் கல் 6 மில்லிமீட்டர்தான் என்றால் எடை அடிவயிற்றில் ஒளிந்திருக்கிறது, வேண்டாம். கடை விளக்கை விட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் அசைத்துப் பாருங்கள்.

ஒன்றை மருமகளிடமும் சொல்லிவிடுங்கள்: இதைச் சேமிப்பாக நினைக்கக் கூடாது. ஆய்வகக் கல்லின் விலை சில ஆண்டுகளாகவே சரிந்துகொண்டிருக்கிறது, திருப்பி விற்கப் போனால் கிடைப்பது மிகக் குறைவு. அவள் ஆசையாகப் போட்டுக்கொள்ளத்தான் என்றால் நான் அவள் பக்கம். மாமியாரிடம் பழைய ப்ளூ ஜாகர் வைரத் தோடு இருந்தால் (அந்தப் பெயரே நம் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் ஜாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்தது) அதை எந்தக் கடையிலும் மாற்றக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், பில்லில் 'ஆய்வகத்தில் வளர்த்தது' என்று எழுதச் சொல்லுங்கள். கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த எண் இருந்தால், லென்ஸில் காட்டச் சொல்லி, சீட்டு எண்ணோடு ஒத்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.