கோடையில் வற்றுகிற ஊர்க்குளத்தை ஏன் தூர்க்கக் கூடாது?

யாழ்ப்பாணத்தில் கோடை வந்ததும் வறண்டுபோகும் ஊர்க்குளத்தால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் முக்கிய வேலை நிலத்துக்குக் கீழே நடக்கிறது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழை குளத்தில் தேங்கி, அந்தக் கல்லின் வெடிப்புகளூடாக மெல்ல இறங்கும். நன்னீர் அடர்த்தி குறைந்தது என்பதால் கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கும். நாங்கள் கிணற்றில் அள்ளுவது அதைத்தான். குளத்தை மூடினால் அந்தப் படை மெலியும். இறைக்க இறைக்கக் கிணறு உவராகும்.

வற்றாத ஆறு எங்களுக்கு இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் சேர்கிறது.

தை மாதத்தில் ஒரு குளக்கட்டுக்குப் போய் நில்லுங்கள்: ஆம்பல், மருதமரம், நீர்க்காகம், கொக்கு, அப்பால் பனங்கூடல். அவ்வளவு அழகு! வற்றியிருக்கும் மாதங்களில் தூர்வாருங்கள்; வரத்து வாய்க்காலில் குப்பை கொட்ட விடாதீர்கள்.