கொலு அலங்காரத்துக்கு இலையும் நெற்றும்: பூசணமும் வண்டும் வராமல் இருக்க என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் குடியாத்தத்தில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு நவராத்திரிக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து காய்ந்த இலை, நெற்று, புளியங்கொட்டை ஆகியவற்றைக் கொண்டு கொலுவுக்கும் வாசலுக்கும் அலங்காரம் செய்தோம். ஐந்தாம் நாளே இலைகள் சுருண்டுவிட்டன. நெற்றுகளில் வெள்ளைப் பூசணம் படர்ந்தது. புளியங்கொட்டை மாலையிலிருந்து மாவு கொட்டியது. இந்த ஆண்டு எப்படிச் செய்யலாம்?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் பூசணத்துக்குக் காரணம் பெரும்பாலும் காலம்தான். இணையத்தில் நாம் பார்க்கும் இலையுதிர்கால அலங்காரப் படங்கள் குளிர்நாடுகளுக்கு உரியவை. அங்கே செப்டம்பர், அக்டோபரில் இலைகள் நிறம் மாறி உதிர்கின்றன. நம் பக்கத்திலோ தேக்கும் வாகையும் இலை உதிர்ப்பது பெரும்பாலும் மார்கழிக்கும் பங்குனிக்கும் இடையில். நவராத்திரி வரும் புரட்டாசியில் வேலூர் வட்டாரத்தில் மாலைநேர இடிமழை ஓய்ந்திருக்காது. அதன் பின்னாலேயே ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடும். அந்த ஈரக்காற்றில் பச்சையாகப் பறித்ததை ஒரு வாரத்தில் காயவைக்க முயன்றால் பூசணம் பிடிக்கவே செய்யும். ஆகவே நெற்று, விதை, ஓடு போன்ற கெட்டிப் பொருள்களைச் சித்திரை, வைகாசி வெயிலிலேயே சேகரித்துக் காயவைத்துக்கொள்வது நல்லது; நவராத்திரிக்கு முன் கட்டுவதும் ஒட்டுவதும் மட்டும் மிஞ்சியிருக்க வேண்டும்.

எவற்றைச் சேகரிக்கலாம் என்றால், சங்கப் பாட்டிலேயே காற்றில் ஒலித்த வாகை நெற்று முதலிடம் பெறும். தட்டையாக, வைக்கோல் நிறத்தில், ஆட்டினால் சலசலக்கும் அந்த நெற்றைப் பத்துப் பத்தாகக் கோத்தால் தோரணம் தானே அமைந்துவிடும். மயில்கொன்றையின் வாள் போன்ற கருத்த நெற்று, பூவைப் போலப் பிளந்த மகோகனிக் காய், சவுக்குத் தோப்பில் உதிர்ந்து கிடக்கும் சிறு காய்கள், விளாம்பழ ஓடு ஆகியவையும் நன்றாக உழைக்கும். சரக்கொன்றைக் காயை நான் தவிர்ப்பேன். உள்ளே இருக்கும் கரிய பசை ஈரக்காற்றில் இளகி எறும்பை அழைக்கும். தெருவோரத்திலும் தோட்டத்திலும் கீழே விழுந்தவற்றை மட்டும் பொறுக்குங்கள். அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கம் காப்புக்காடுகளிலிருந்து அனுமதியின்றி எதையும் எடுத்து வருவது சட்டப்படி குற்றமாகும்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கையால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். நெற்றில் இரண்டை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, இரவு முழுவதும் வையுங்கள். காலையில் பாட்டிலின் உட்புறம் லேசாக வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஈரம் போகும் முன் வார்னிஷ் பூசுவதுதான் பலரும் செய்வது. அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுவதால், காம்பும் நெற்றும் சேரும் மடிப்பில்தான் பூசணம் முதலில் வெண்மையாகத் தெரியும்.

புளியங்கொட்டையிலிருந்து கொட்டிய மாவு, விதையைக் குடைந்து வளரும் சிறு வண்டின் வேலை. வாகை விதையிலும் இது உண்டு. நெற்றையும் விதையையும் நன்றாக உலர்த்தியபின் பாலித்தீன் பையில் கட்டி, குளிர்பெட்டியின் உறைபெட்டியில் நான்கைந்து நாள் வைத்து, வெளியே எடுத்தபின் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். முட்டையும் புழுவும் இதில் மடியும். மைதா பசையும் பூச்சியை ஈர்ப்பதால், தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும்.

இலைகளுக்கு வெயில் உதவாது. வெயிலில் காய்ந்த இலை சுருண்டே தீரும். மெல்லிய இலைகளைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து மேலே பாரம் ஏற்றி, முதல் சில நாள் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். பலா இலை, ரப்பர் செடி இலை போன்ற தடித்தவற்றை, ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு சூடான நீர் கலந்து, காம்பின் நுனியை நசுக்கி அதில் நிறுத்தினால், ஒன்றிரண்டு வாரத்தில் பழுப்பேறி, மடக்கினாலும் உடையாத பதத்துக்கு வரும். அரசிலையை நீரில் இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டு, நாற்றம் பொறுக்க முடிந்தால், மெல்லிய பல்துலக்கியால் வருடிச் சதையை நீக்குங்கள். எஞ்சும் நரம்புவலைக்குப் பின்னால் சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்றை வைத்தாலே கொலுப்படிக்கு வேறு அலங்காரம் வேண்டியதில்லை.

இந்த ஆண்டு மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால், பனங்குருத்தோலையை நம்புங்கள். நீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு நிழலில் உலர்த்திய ஓலை பல மாதம் தாங்கும். தென்னங்குருத்து ஒன்றிரண்டு நாளில் வாடிவிடுமாதலால் அதை வாசல் தோரணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வளையம் வேண்டுமென்றால் தென்னை ஈர்க்கை விரல் கனத்துக்குச் சேர்த்து வட்டமாக வளைத்து வாழைநாரால் சுற்றிக் கட்டுங்கள், கம்பி தேவைப்படாது.

பிள்ளைகள் கைபடும் வேலை என்பதால் குன்றிமணி, ஆமணக்கு விதை, அரளிக்காய் மூன்றையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். குன்றிமணியைத் துளையிட்டுக் கோத்தால் அதன் கெட்டித் தோல் உடைந்து, நஞ்சு வெளிப்பட வழியாகிறது. காய்ந்த பொருள் எதையும் குத்துவிளக்கின் அருகில் வைக்க வேண்டாம். இலவம்பஞ்சு ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். விஜயதசமி முடிந்ததும் நெற்றுகளையும் விதைகளையும் ஒரு பகல் வெயிலில் போட்டு, ஆறியபின் காய்ந்த வேப்பிலையோடு இறுக்கமான தகர டப்பாவில் அடையுங்கள். தை மாதம் ஒருமுறை திறந்து, அடியில் மாவு உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்து, உதிர்ந்திருந்தால் அந்த மாலையை மட்டும் மறுபடியும் உறைபெட்டியில் வையுங்கள்.