பட்டனுக்கும் பெயர் வையுங்கள், படத்துக்கும்!

வாசகர் கேள்வி – பதில்

வாசகர், வள்ளியூர்: அண்ணாச்சி, நாங்க நாலு கூட்டாளிங்க சேர்ந்து நம்ம வட்டாரத்துக்குன்னு ஒரு சமூக வலைத்தளம் செஞ்சிருக்கோம். வலைத்தளத்தைத் தானாச் சோதிக்கிற கூகுளோட லைட்ஹவுஸ் கருவியில அணுகல்தன்மைக்கு 100க்கு 100 வந்துட்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு இனி சிக்கல் இருக்காதுன்னு சொல்லலாமா?

சொல்ல முடியாது, தம்பி. அந்தக் கருவி நிரலைத்தான் பார்க்கிறது. படத்துக்கு மாற்றுரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் எழுத்து, இருக்கிறதா என்று தேடும். அந்த இடத்தில் வெறும் கோப்புப் பெயர் கிடந்தாலும் மதிப்பெண் போட்டுவிடும். ஒருவர் கணக்குத் தொடங்கி, பதிவு போட்டு, இன்னொருவருக்குப் பதில் எழுதி, தொல்லை தருபவரைத் தடுக்க முடிகிறதா? தளத்தை இந்த நான்கு வேலைகளால் அளந்து பாருங்கள். தடுப்பதைச் சோதிக்காமல் விடவே கூடாது. பெரும்பாலும் அது மூன்று புள்ளி மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். தொல்லைக்கு ஆளாகும் பார்வையற்ற பெண்ணுக்கு முதலில் வேண்டியதே அதுதான்.

மவுஸைக் கழற்றி வையுங்கள். டேப், ஷிஃப்ட் டேப், என்டர், ஸ்பேஸ், அம்புக்குறி, எஸ்கேப் விசைகளை மட்டும் வைத்து நான்கு வேலைகளையும் முடியுங்கள். இப்போது எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதைக் காட்டப் பட்டனைச் சுற்றி வரும் கட்டத்தை அழகுக்காக நீக்குபவர்கள் நிறைய. புகைப்படத்தைப் பெரிதாகத் திறந்தால் எஸ்கேப்பில் மூட வேண்டும், மூடியதும் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். பதிவுகள் தானாக வந்துகொண்டே இருந்தால், பக்கத்தின் அடியில் வைத்த 'உதவி' இணைப்பைக் கீபோர்டுக்காரர் எட்டவே முடியாது. 'மேலும் காட்டு' பட்டன் வைத்தால் இது தீரும்.

அடுத்து என்விடிஏ. கணினித் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் இலவசத் திரைவாசிப்பான். எச் விசையை அழுத்தினால் தலைப்பு தலைப்பாகத் தாவும். ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்புக் குறி இல்லையென்றால் தாவ வழியில்லை. இதயப் படத்தில் வந்து நின்றதும் 'பட்டன்' என்று மட்டும் சொன்னால் அது பிழை. 'விருப்பம், 12 பேர்' என்று சொல்ல வேண்டும், அழுத்திய பிறகு அழுத்தப்பட்டதையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் அதன் திரைவாசிப்பானான டாக்பேக்கை இயக்கி இதையே திரும்பச் செய்யுங்கள்.

அதிகம் பேர் விழும் இடம் ஓடிபி. ஆறு இலக்கத்துக்கு ஆறு கட்டம் வைத்தால், பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் பெயரில்லாத கட்டம் என்றே கேட்கும். நகலெடுத்து ஒட்டினாலும் பல தளங்களில் முதல் இலக்கம் மட்டும் விழும். ஒரே கட்டம் போதும். படத்தில் பேருந்தைத் தேடச் சொல்லும் சோதனையை அடியோடு எடுத்துவிடுங்கள்.

அளவுகளை டபிள்யூசிஏஜி 2.2 என்ற உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டி தருகிறது, 2023இல் வந்தது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. தொடும் பட்டன் குறைந்தது 24க்கு 24 பிக்சல். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு 44 நல்லது. 1280 பிக்சல் அகலத் திரையில் 400 சதவீதம் பெரிதாக்கினாலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும். பட்டனின் உயரத்தை இறுக்கி வைத்தால், எழுத்தை மட்டும் பெரிதாக்கும்போது 'மீ', 'கூ' போன்ற எழுத்துகளின் தலையோ காலோ வெட்டுப்படும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு, திரைவாசிப்பான் போன்ற கருவிகளைத் தினமும் பயன்படுத்தும் ஐந்தாறு பேரை, கூலி கொடுத்து, அழையுங்கள். வேலையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். 'அந்த மூலையில பாருங்க' என்று நீங்கள் வாய் திறந்தால் சோதனை அங்கேயே கெட்டுவிடும்.

வாசகி, அம்பாசமுத்திரம்: என் தம்பிக்குப் பார்வை கிடையாது. இங்கிலீஷ் பதிவைப் போன் வாசிக்கு, தமிழ் வந்தா சில நேரம் சத்தமே வரமாட்டேங்கு. ஏன்?

போன் அமைப்பில் 'உரையிலிருந்து பேச்சு' பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரல் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், தாயி. இருந்தும் பேசவில்லையென்றால் தளத்தின் மேல் சந்தேகப்படலாம். பக்கம் தமிழ் என்று நிரலில் அறிவிக்காமல் ஆங்கிலம் என்று விட்டிருந்தால், ஆங்கிலக் குரல் தமிழைத் தாண்டிப் போகக்கூடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்தான் காதில் விழும். யூனிகோடுக்கு மாற்றித்தான் போட வேண்டும். வரிசையாகப் பத்து கும்பிடு படம் போட்டால் அதையும் ஒவ்வொன்றாகச் சொல்லும், பாவம் தம்பி.

வாசகர், நாங்குநேரி: எங்க ஊர் கோவில் கொடை நோட்டீஸைப் படமாப் போடுதோம். பார்வையில்லாதவங்களுக்கு அது தெரியுமா?

தெரியாது. நம் பக்கத்துச் சமூக வலைத்தளங்களில் மிகப் பெரிய தடை இதுதான் என்பது எங்கள் கருத்து. கொடை, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாமே படமாகத்தான் சுற்றுகின்றன. கூட இருந்தவர் இறந்த செய்தியைப் பக்கத்தில் ஒருவர் வாசித்துச் சொன்னால்தான் அறிய முடியும் என்ற நிலையில் யாரையும் வைக்கக் கூடாது. ஃபேஸ்புக் 2016 முதல் படத்தைத் தானே விவரிக்கிறது. அதை நம்பி நாளையும் நேரத்தையும் எழுதாமல் விடாதீர்கள். நாள், நேரம், இடம், பூசை விவரம் முழுவதையும் பதிவிலேயே எழுத்தாகத் தட்டுங்கள். மாற்றுரைக்கு 'கொடை நோட்டீஸ், விவரம் பதிவில்' என்பதே போதும். புகைப்படமென்றால், 'ரத வீதி முனையில் நெல்லையப்பர் தேர் திரும்புகிறது, வடம் பிடித்தவர்கள் பின்னால் சாய்ந்து இழுக்கிறார்கள்' என்று ஒரு வரி. தளம் செய்பவர்கள், படம் ஏற்றும் அதே திரையில் இந்த வரியைக் கேட்டு வாங்க வேண்டும்.

வாசகி, பாளையங்கோட்டை: காது கேளாதவர்களுக்கு எழுத்து தெரியுமே, அவர்களுக்கு என்ன தடை?

வீடியோவும் குரல் செய்தியும். தானாக வரும் வசன எழுத்து நம் நெல்லைப் பேச்சில் அடிக்கடி தடுமாறுகிறது. வீடியோ போட்டவரே திருத்த வசதி வேண்டும். சைகை மொழியில் வளர்ந்தவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. உதவிப் பக்கத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். புகாருக்குத் தொலைபேசி எண் மட்டும் கொடுத்திருந்தால், இவர்களுக்குப் புகார் செய்யவே வழியில்லை.

வாசகர், தென்காசி: தனியார் தளத்தைச் சட்டம் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 46ஆம் பிரிவு தனியார் சேவைகளையும் சேர்த்தே சொல்கிறது. டிஜிட்டல் அணுகலுக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 17802. கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி அடையாளச் சரிபார்ப்பு பற்றிய வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகலை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்த்தது. புகார் எழுதும்போது எந்தப் பக்கம், எந்தப் பட்டன், எந்தத் திரைவாசிப்பான், அது என்ன சொன்னது என்ற நான்கையும் குறிப்பிடுங்கள்.