அம்மாவுக்கு எந்த அறையானாலும் ஒன்றுதானா?

கேள்வி: நான், மனைவி, ஐந்து வயது மகள், அம்மா ஆகிய நால்வரும் ஏப்ரல் கடைசியில் ஆம்ஸ்டர்டாம் போகிறோம். ஆறு இரவுகள். எல்லா ஊரிலும் ஒரே அச்சில் வார்த்த ஹோட்டல்களில் தங்கி அலுத்துவிட்டது. கால்வாயோரத்துப் பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அதில் மூன்றாவது மாடி அறை மனசுக்குப் பிடித்திருக்கிறது. லிப்ட் கிடையாது. அதனால் அம்மாவுக்கும் மகளுக்கும் ஸ்டேஷன் பக்கத்தில் சாதாரண ஹோட்டல் ஒன்றில் புக் செய்துவிட்டேன். அம்மாவுக்கு எந்த அறையானாலும் ஒன்றுதான். எங்களுக்குப் பழைய வீடு நல்லதா, நவீன டிசைன் ஹோட்டல் நல்லதா?
- கோவை வாசகர்

பதில்: தம்பி, ஹோட்டல் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். உங்கள் கடிதம் ஒன்றரைப் பக்கம். அறையின் உத்தரத்துக்கு நான்கு வரி, ஜன்னலுக்கு மூன்று, குளியல் தொட்டியின் கால்களுக்குக்கூட ஒன்று. அம்மாவுக்குக் கிடைத்தது, ‘எந்த அறையானாலும் ஒன்றுதான்’ என்ற ஒரே வரி. அவர் சொன்னாரா, இல்லை நீங்களாகச் சொல்கிறீர்களா?

அவரே சொல்லியிருந்தாலும் நான் நம்பமாட்டேன். ‘எனக்கென்னப்பா, எதுவானாலும் சரி’ என்கிறவரோடு நீங்கள் ஒருமுறையாவது புடவைக் கடைக்குப் போயிருக்கிறீர்களா? முந்தானையைப் புரட்டி, கரையைத் தடவி, முப்பதை ஒதுக்கிவிட்டு முப்பத்தோராவதை எடுப்பாரே, அந்த அம்மாவுக்கா ரசனை இல்லை? வாயைத் திறந்தால் பிள்ளைக்குச் செலவு கூடுமே என்று பேசாமல் இருப்பார்கள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எழுதி எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கே இல்லை.

இன்னொன்று. மகளும் அம்மாவோடுதான் போகிறாள். பாஸ்போர்ட் எடுத்து, விசாவுக்கு விரல் ரேகை கொடுத்து, அத்தனை மணி நேரம் விமானத்தில் கால் வீங்க உட்கார்ந்து வருகிறவருக்கு அங்கே ராத்திரி வேலை, பேத்தியைத் தூங்கவைப்பது. காலையில் சாப்பாட்டு ஹாலில் எது பன்றி, எது மாடு என்று யாரைக் கேட்பார்? எந்த மொழியில் பேசுவார் என்றும் நீங்கள் எழுதவில்லை. வெண்ணெய் தடவிய ரொட்டியில் சாக்லேட் துகள்களைக் கொட்டிச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். பாப்பா அதைக் கண்டு குதிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டியவர் நீங்கள்.

மனைவியின் ஆசை என்று அடுத்த கடிதத்தில் எழுதாதீர்கள். புக் செய்தது நீங்கள்.

நான் பழைய ஆள். குடும்பமாகக் கிளம்பினால் ஒரே கூரையின் கீழ் தூங்க வேண்டும் என்பேன். தனித்தனி அறை இருக்கட்டும், தனித்தனித் தெரு கூடாது. புருஷன் பெண்டாட்டிக்குத் தனிமை வேண்டாமா என்றால், தாராளமாக வேண்டும். ‘அம்மா, இன்னிக்கு ராத்திரி பாப்பாவைப் பார்த்துக்குங்க, நாங்க ஒரு நடை போய்ட்டு வர்றோம்’ என்று கேட்டுவிட்டுப் போங்கள். சந்தோஷமாக அனுப்பிவைப்பார். கேட்காமல் ஆறு ராத்திரியையும் எடுத்துக்கொள்வது வேறு.

இப்போது அந்த வீடு. ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் வளையம் 17-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள வீடுகளின் நெற்றியில் ஒரு கட்டை துருத்திக்கொண்டிருக்கும், நுனியில் கொக்கி. அலங்காரம் என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். உள்ளே படிக்கட்டு அவ்வளவு குறுகல், அவ்வளவு செங்குத்து என்பதால் கட்டிலையும் பீரோவையும் அந்தக் கொக்கியில் கயிறு கட்டி ஜன்னல் வழியாகத்தான் ஏற்றினார்கள். பீரோவே ஏறாத படியில், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறிப் பாருங்கள். அப்படி ஒரு வீட்டில் நான் மூன்று ராத்திரி தங்கியிருக்கிறேன். கைப்பிடிக்குப் பதில் கயிறு. ஏணியில் இறங்குவதுபோல் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். உத்தரத்தில் இரண்டு தடவை மண்டை இடித்தது. அறை அழகுதான், அதை மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஊரின் குணமெல்லாம் கால்வாய் வீட்டு மாடியில்தான் இருக்கிறது என்று யார் சொன்னது? 1970-ல் திறந்து, இப்போது 25 பழைய வீடுகளை ஒன்றாகக் கோத்து நிற்கும் புலிட்சர் ஹோட்டல் இருக்கிறது. கையைக் கடிக்கும் விலை. அங்கேயும் எந்த அறை எந்தப் படிக்கு அப்பால் என்று கேட்டே வாங்க வேண்டும். கிழக்குத் துறைமுகப் பக்கம் லாய்ட் ஹோட்டல். தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த ஏழைக் குடியேறிகளுக்காக 1921-ல் கட்டியது. பிறகு சிறை, சிறார் காப்பகம், ஓவியர்களின் கூடம் என்று பல பிறவி எடுத்து 2004-ல் ஹோட்டலானது. சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து 26-ஆம் எண் டிராம். வீபவுட்ஸ்ட்ராட் மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஃபோல்க்ஸ்ஹோட்டல், பழைய நாளிதழ் அலுவலகம். உச்சி மாடியில் பார் இருக்கிறது. கீழ் மாடி அறையாகக் கேளுங்கள்.

எனக்குப் பிடித்தது மேற்கே டி ஹாலன் ஹோட்டல். டிராம் வண்டிகளைப் பழுதுபார்த்த பழைய டிப்போ. உயரமான கண்ணாடிக் கூரை, இரும்புத் தூண். அதே வளாகத்தில் நூலகம், சினிமா, வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். மழை பெய்தாலும் (பெய்யும்) பாட்டியும் பேத்தியும் குடை இல்லாமல் உலாவலாம். அக்கம்பக்கத்தில் ஊர்க்காரர்கள் குடியிருக்கிறார்கள், பெட்டி உருட்டும் கூட்டம் குறைவு.

புக் செய்யும் முன் ஹோட்டலுக்கு மின்னஞ்சல் போடுங்கள். ‘லிப்ட் உண்டா’ என்று கேட்டால் உண்டு என்பார்கள். பழைய கட்டடங்களில் லிப்டை விட்டு இறங்கிய பிறகும் ஆறு படி இருக்கும். ஆகவே, தெருவாசலிலிருந்து அறைக் கதவு வரை எத்தனை படி என்று கேளுங்கள். நீங்கள் மயங்கிய கால் வைத்த தொட்டிக்குள் அம்மா காலைத் தூக்கி வைக்க முடியுமா? தரைமட்ட ஷவர் கேளுங்கள். கழிவறையில் கழுவிக்கொள்ள ஒரு குவளையையும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு ஸ்டைலான ஹோட்டலானாலும் அங்கே அந்தத் தண்ணீர் வசதியை எதிர்பார்க்க முடியாது. அறை வாடகை மேல் நகராட்சியின் சுற்றுலா வரி 12.5 சதவீதம்; காட்டும் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரல் 27 அங்கே அரசர் தினம். ஊரே ஆரஞ்சு உடுத்தித் தெருவில் நிற்கும், அறை விலை ஏறும்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இந்த ஹோட்டல் படங்களை அம்மாவிடம் காட்டுங்கள். விலை இருக்கும் பக்கம் வேண்டாம். ‘உனக்கு எது பிடிக்குதோ அதையே போடுப்பா’ என்பார். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல், போனை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விடுங்கள். எந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார் என்று சமையலறை வாசலில் நின்று கவனியுங்கள். அங்கே இரண்டு அறை போடுங்கள், பக்கத்துப் பக்கத்தில்.

ஸ்டேஷன் ஹோட்டலை ரத்து செய்யக் கடைசித் தேதி என்ன? ஒன்றரைப் பக்கத்தில் அதை மட்டும் எழுதவில்லை.