வால்மீன் சூரியனை நெருங்கும்போது அதன் தூசி எப்படி மாறுகிறது? அதை நாமே கவனிக்க முடியுமா?

ஓரளவு முடியும். ஆனால் கண்ணில் படும் வெளிச்சத்தையே தூசியின் அளவாகக் கொண்டுவிடக் கூடாது என்பதை, 2024-இல் சூச்சின்ஷான்-அட்லஸ் வால்மீனைத் தொடர்ந்து பார்த்தபோதுதான் நான் புரிந்துகொண்டேன். அது சூரியனுக்கு மிக அருகே வந்த செப்டம்பர் 27-ஐ ஒட்டிய விடியற்காலைகளில், வட்டக்கோட்டைக் கடற்கரையில் பைனாகுலருடன் நின்று, கீழ்வானம் வெளுப்பதற்குள் வாலின் நீளத்தையும் வளைவையும் நோட்டில் வரைந்துகொள்வேன்.

சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்குக்கு உள்ளே வந்ததும், வால்மீனின் நீர்ப்பனி உருகாமலே வேகமாக ஆவியாகி, தன்னோடு தூசியையும் வெளியே தள்ளுகிறது. அப்படி வெளிப்படும் தூசியைச் சூரிய ஒளியின் அழுத்தம் தரம் பிரிக்கிறது. எங்கள் மணவாளக்குறிச்சிக் கரையில் கனமான கருமணலை விட்டுவிட்டு லேசான மணலை அலை இழுத்துச் செல்வதுபோல, மிக நுண்ணிய துகள்கள் வெகுதூரம் விலக்கப்படுகின்றன. பெரிய துகள்களோ வால்மீனின் பாதையை ஒட்டியே தங்கிவிடுகின்றன. நாம் காணும் வளைந்த வால் இந்தப் பிரிப்பின் படம்தான்.

தூசியின் தன்மையே மாறுவதைக் காண பைனாகுலர் போதாது. 2014-இல் 67பி வால்மீனை அடைந்த ரொசெட்டா விண்கலம் முதலில் பிடித்த துகள்கள் பஞ்சுபோல் நொய்ந்து, தட்டில் மோதியதும் சிதறின. முந்தைய சுற்றில் மேற்பரப்பில் படிந்திருந்த பழைய தூசிப் போர்வை உதிர்வதாக ஆய்வாளர்கள் அதை விளக்கினர். சூரியனை உரசிச் செல்லும் வால்மீன்களில் கதை வேறு. 1965-இல் இக்கேயா-செக்கி என்ற வால்மீனின் நிறமாலையில், அதாவது அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்த பட்டையில், இரும்பு, நிக்கல் ஆகியவற்றின் கோடுகள் தெரிந்தன; அங்கே தூசியே ஆவியாகிக்கொண்டிருந்தது என்பது அதன் பொருள்.

இனி, நான் ஏமாந்த இடத்துக்கு வருகிறேன். அக்டோபர் 9 வாக்கில், சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் படங்களில் சூச்சின்ஷான்-அட்லஸ் திடீரெனப் பளிச்சிட்டதைப் பார்த்து, தூசி பெருகிவிட்டது என்றே எழுதிவைத்தேன். உண்மையில் அப்போது அது ஏறக்குறைய நமக்கும் சூரியனுக்கும் இடையே இருந்தது. வெயிலுக்கு எதிரே போகும்போது பேருந்தின் முன்கண்ணாடியில் அதுவரை தெரியாத அழுக்கெல்லாம் மின்னுமே, அதே கணக்குத்தான். ஆகவே நீங்கள் குறிப்பெடுத்தால், ஒளியளவின் பக்கத்திலேயே வால்மீன், பூமி, சூரியன் மூன்றும் அன்று அமைந்திருந்த கோணத்தையும் எழுதிவையுங்கள்.

அக்டோபர் 14-ஐ ஒட்டி, வால்மீனின் பாதை அமைந்த தளத்தைப் பூமி கடந்தபோது, பின்தங்கிய பெரிய துகள்கள் பக்கவாட்டில் ஒரே கோடாகி, சூரியனை நோக்கி நீளும் ஊசிபோல் பலருடைய படங்களில் பதிந்தன. அன்று மாலை முட்டத்தில் நான் பார்த்தது மேகத்தை மட்டுமே.